பன்றிக்கு ஒன்பது விநாடி

கண்மணி அக்காவை எனக்குப் பதினாறு வருடங்களாகத் தெரியும். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் புளோக்கில் அவர் எட்டாவது மாடி, நான் பதினொன்றாவது. காலை ஆறரைக்கு மின்தூக்கியில் பார்த்தால் பச்சைச் சீருடை, கையில் ஒரு துணிப்பை. ஆனால் மாலையில் அந்தச் சீருடையோடு அவர் வீடு திரும்பி நான் பார்த்ததே இல்லை. வேலையிடத்திலேயே இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து, தலை அலசி, வேறு உடை மாற்றிக்கொண்டுதான் பேருந்தில் ஏறுவார். அப்படியும் மின்தூக்கியில் யாராவது கூட ஏறினால் மூலைக்கு ஒதுங்கி நிற்பார். பல வருடங்கள் நான் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வேலை பார்த்தது தீவின் வடமேற்கு மூலையில், பண்ணைகளுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய தனியார் விலங்குப் பூங்காவில். அதற்கு முன்னால் மார்சிலிங் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஏழு வருடம் இருந்தார். 1999இல் அந்தத் தொழிற்சாலை எல்லை தாண்டி ஜொகூருக்குப் போய்விட்டது. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. மகள் தாரணிக்கு ஒன்றரை. பூங்காவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். குரங்குகளோ பறவைகளோ கிடைக்கும் என்று நினைத்திருந்தார். மேற்பார்வையாளர் அவரை நேராகப் பன்றி அடைப்புக்கு அழைத்துப் போனார். புதிதாக வருகிறவர்களுக்கு எப்போதுமே பன்றிதான். அந்த வருடத்தில் மட்டும் அவருக்கு முன்னால் மூன்று பேர் அங்கிருந்து ஓடியிருந்தார்கள்.

அவை தாடிப் பன்றிகள். போர்னியோக் காட்டு இனம். நீண்ட மூஞ்சி, அதன் இரு பக்கமும் வெளுத்த முரட்டு மயிர், ஒல்லிக் கால்கள். முதல் நாள் நாற்றம் தாங்காமல் வாந்தி எடுத்ததாக அக்கா சொன்னார். இரண்டாம் நாளும் எடுத்தார். மூன்றாம் நாள் எடுக்கவில்லை. வீட்டில் பால் மாவு வாங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்றார்.

கணவர் சின்னத்தம்பி பேருந்து ஓட்டுநர். நல்ல மனிதர்தான். ஆனால் மனைவி பன்றிக் கொட்டில் கழுவுகிறாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. விலங்குப் பூங்காவில் வேலை என்றார். என்ன விலங்கு என்று யாரோ கேட்டதற்கு, யோசிக்காமல், யானை என்று சொல்லிவிட்டார். அது பரவிவிட்டது. சிராங்கூன் சாலையில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்த கல்யாணத்தில், தோ பாயோவிலிருந்து வந்த ஒரு வயதான உறவுக்காரப் பெண்மணி அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிள்ளையாருக்கே பணிவிடை செய்கிற கை என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் யானை என்ன சாப்பிடும், நம் ஆட்களை அடையாளம் தெரியுமா என்றெல்லாம் கேட்டார்கள். அந்தப் பூங்காவில் யானையே கிடையாது.

“நான் மறுத்துச் சொல்லியிருக்கணும்,” என்று அக்கா என்னிடம் சொன்னார். “வாயைத் தொறக்கல. என் கையை யாரும் அப்படிப் பிடிச்சதில்ல.”

பதினேழு வருடம் கழித்தும் அந்தப் பொய் ஓயவில்லை. 2016இல் சின்னத்தம்பி மாரடைப்பில் போனபோது, எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலைக் கிடத்தியிருந்த இடத்தில்கூட ஒருவர் வந்து ஆறுதல் சொல்லிவிட்டு, யானை சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

தாரணிக்கு மட்டும் உண்மை தெரியும். அவள் தொடக்கநிலை மூன்றில் படிக்கும்போது பள்ளியிலிருந்து கற்றல் பயணமாக அதே பூங்காவுக்கு அழைத்து வந்தார்கள். அம்மா அன்று காலை பன்றிகளைக் குளிப்பாட்டி, சேற்றுக் குழியில் புதுத் தண்ணீர் விட்டு, இலை தழை எல்லாம் கூட்டி வைத்திருந்தார். நாற்பது பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பையன் சீனப் புத்தாண்டுக்கு வீட்டில் வாங்கும் வாட்டிய பன்றி இறைச்சியின் பெயரைச் சொல்லி, பக் குவா என்று கத்த, எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியை ஒரே நிமிடத்தில் அவர்களை நீர்நாய் இருக்கும் பக்கம் ஓட்டிப் போனார். தாரணி தோழியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி கடந்து போனதை அக்கா பார்த்தார். கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது பிள்ளை கேட்டாள்: “அம்மா, நீங்க வேற அனிமலுக்கு மாத்திக்க முடியாதா? சின்னதா இருந்தாலும் ஓகே.”

மாற்றிக் கேட்கலாம் என்று அவரும் நினைத்ததுண்டு. ஆனால் அந்தச் சமயத்தில் பொன்னி இருந்தது. பொன்னி என்பது அவர் வைத்த பெயர்; பதிவேட்டில் எண் மட்டும்தான். பெண் பன்றி. கர்ப்பமானதும் தென்னை ஓலையையும் கிளைகளையும் வாயில் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து ஆள் உயரத்துக்கு ஒரு கூடு கட்டும். யாரும் சொல்லித் தரவில்லை. பிறந்ததிலிருந்து சிமெண்டு மதிலுக்குள் இருந்த பிராணி அது. அதைப் பார்த்த பிறகு தனக்கு விட்டுப் போக மனம் வரவில்லை என்றார் அக்கா.

2009இல் பொன்னி மூன்று குட்டிகள் போட்டது. காட்டுப் பன்றிக் குட்டிகளுக்கு உடம்பில் வரி வரியாகக் கோடு இருக்கும், தர்பூசணிப் பிஞ்சு மாதிரி. பூங்கா வரலாற்றில் முதல் முறையாகப் பன்றி அடைப்புக்கு முன்னால் கூட்டம் கூடியது. பத்திரிகையில் படம் வந்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினார்கள். நான்கைந்து மாதத்தில் கோடுகள் மறைந்தன. மூஞ்சி நீண்டது. கூட்டமும் போய்விட்டது. இரண்டு குட்டிகளை வேறு நாட்டுப் பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். ஒன்று மட்டும் இங்கேயே தங்கியது. ஆண். அது வளர்ந்து தாடி வந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் தனக்குக் கணக்கு நடத்திய ஆசிரியரின் சாயல் இருப்பதாக அக்காவுக்குத் தோன்றியது. வாத்தியார் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

வாத்தியாருக்கு ஒரு பழக்கம். மண் ஒட்டிய வள்ளிக்கிழங்கைத் தின்னாது. கவ்விக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போய், முக்கி, மூக்கால் உருட்டிக் கழுவித்தான் தின்னும். கழுவிப் போட்ட கிழங்கென்றால் நின்ற இடத்திலேயே தின்றுவிடும். எது கழுவியது, எது கழுவாதது என்று அதற்குத் தெரிந்திருந்தது. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் அதற்காகவே பலாக்கொட்டையும் வாழைப்பூவும் வாங்கி வருவார். மேலிடத்தில் அனுமதி வாங்கி, கழுவி, நறுக்கிப் போடுவார்கள்.

நறுக்குவது நூருல் அமீன். பூங்காவின் தீவனச் சமையலறைக்குப் பொறுப்பாளர், கடையநல்லூர்க் குடும்பத்துக்காரர். முதல் வாரத்திலேயே அவர் அக்காவிடம் ஒளிவு மறைவில்லாமல் பேசிவிட்டார். “நான் வெட்டிக் குடுத்துர்றேன்க்கா. பாத்திரம் மட்டும் தனியா வச்சிருங்க, கழுவுறது நீங்க.” பன்றிக்கான தொட்டிகளுக்குச் சிவப்பு நாடா ஒட்டி வைத்தார். இருபத்தைந்து வருடத்தில் ஒரு நாள் கூட அந்தத் தீவனம் தாமதமானதில்லை, அளவு குறைந்ததில்லை. அந்தப் பூங்காவில் பன்றியை வைத்துத் தன்னிடம் நகைச்சுவை சொல்லாத ஒரே ஆள் அவர்தான் என்பார் அக்கா.

மற்றவர்கள் சொன்னார்கள். வருகையாளர்களும் சொன்னார்கள். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அடைப்புக்கு முன்னால் வந்ததும் சொல்வது கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒன்று சமையல், இல்லாவிட்டால் வசவு. தன் கணவனையோ தம்பியையோ காட்டி, உன் அண்ணன் இங்கே இருக்கிறான் பார் என்பார்கள். நம் ஆட்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு வேகமாக நடப்பார்கள். பூங்காவில் ஒவ்வொரு விலங்கையும் யாராவது ஆதரவாளராகத் தத்தெடுக்கலாம். பெயர்ப் பலகை வைப்பார்கள். நீர்நாய்க்குப் பதினாறு பலகை. மலைப்பாம்புக்குக்கூட இரண்டு. பன்றிக்கு ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது, ஒரு வாட்டிய இறைச்சிக் கடையிலிருந்து. விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தார்களாம். நிர்வாகம் மறுத்துவிட்டது.

2019இல் பொன்னி முதுமையில் இறந்தது. அதன் பிறகு வாத்தியார் தனியாக இருந்தது. கிழங்கு கழுவுவதை மக்கள் ஒரு தடவை பார்த்தால் போதும், நினைப்பு மாறிவிடும் என்று அக்கா நம்பினார். தினம் காலை பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் பேச அனுமதி கேட்டார். கேட்டுக் கேட்டு 2022 கடைசியில் கிடைத்தது. நான்கு நாள் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தார். தாரணியிடம் உச்சரிப்பு கேட்டுத் திருத்திக்கொண்டார்.

முதல் நாள் பதினான்கு பேர் நின்றார்கள். வாத்தியார் கிழங்கைக் கவ்விக்கொண்டு போய் அழகாகக் கழுவியது. சிலர் கைதட்டினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் அக்கா. முன்வரிசையில் இருந்த ஒரு தமிழ்ப் பெண், மிகவும் மரியாதையாக, இது சாதாரணப் பன்றி மாதிரியே ருசிக்குமா என்று கேட்டார்.

“தெரியாதும்மா,” என்றார் அக்கா. “நான் இதைப் பார்த்துக்கிறவ.”

அந்தப் பேச்சு இரண்டு மாதம்கூட நடக்கவில்லை. 2023 பிப்ரவரியில் தீவில் செத்துக் கிடந்த காட்டுப் பன்றிகளிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருப்பதாகச் செய்தி வந்தது. மனிதர்களுக்குத் தொற்றாது என்று செய்தியிலேயே சொன்னார்கள். இருந்தாலும் பூங்காவின் தொலைபேசி ஓயவில்லை. பன்றி அடைப்பைச் சுற்றிப் பச்சைக் கித்தான் கட்டினார்கள். வெளித் தீவனம் கூடாது என்றார்கள். தேக்கா பலாக்கொட்டை நின்றது. வாத்தியாரின் இரத்தத்தை மூன்று முறை சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனாலும் கித்தானை அவிழ்க்கவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் கித்தானைப் பார்த்துவிட்டு முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டார்கள்.

அதே வருடம் செப்டம்பரில் மிதுனன் அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். வருகையாளர் பிரிவுத் தலைவர், முப்பத்திரண்டு வயது, யாழ்ப்பாணப் பூர்வீகக் குடும்பம். அக்காவிடம் எப்போதும் பணிவாக நடந்துகொள்பவர். கணினித் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார். காய்ச்சலுக்கு முந்தைய வருடக் கணக்கு அது. ஒவ்வொரு அடைப்புக்கு முன்னாலும் ஒரு ஆள் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கேமராவை வைத்து எடுத்திருந்தார்கள். நீர்நாய் மூன்று நிமிடம். பாம்புக்கூடம் ஒன்றரை. கடைசி வரியில் தாடிப் பன்றி.

“ஒம்பது செகண்ட்க்கா,” என்றார் மிதுனன். “அதுவும் சும்மா நடந்து போற டைம்தான். நின்னு பார்க்கல. நான் பொய் சொல்ல விரும்பல, நானே நின்னதில்ல.”

அந்த இடத்துக்குக் கேப்பிபாரா வரப்போகிறது என்றார். தென்னமெரிக்காவின் பெரிய கொறித்துண்ணி, எலிக்குச் சொந்தம். கைப்பேசியில் அதன் படத்தைக் காட்டினார். அக்கா தாரணியின் காதணியில், தலையணையில், கைப்பேசி உறையில் ஏற்கெனவே பார்த்த உருவம். எலி என்றால் நகரமன்றத்துக்குப் புகார் எழுதுகிற ஊர், ஐம்பது கிலோ எலிக்கு ஏன் இப்படி உருகுகிறது என்று அவருக்குப் புரியவில்லை. கேட்டார். மிதுனன் சிரித்தார்.

“அது சும்மா உட்கார்ந்திருக்கும்க்கா. எதுக்கும் டென்ஷன் ஆகாது. இங்க எல்லாருக்கும் அப்படி இருக்க ஆசை லா.”

வாத்தியார் என்ன ஆகும் என்று அக்கா கேட்டார். வேறு பூங்காக்களுக்கு எழுதிப் பார்த்தார்கள். காய்ச்சல் காலத்தில் பன்றியை எல்லை தாண்டி அனுப்ப வழியில்லை. உள்ளூரில் பதினான்கு வயதுக் கிழட்டுப் பன்றியை வாங்க ஆளில்லை. நவம்பரில் சமையலறைக்குப் பின்னால் இருந்த தனிமைக் கொட்டிலுக்கு மாற்றினார்கள். ஆறடிக்குப் பத்தடி. தரை சிமெண்டு. மண் கேட்டார் அக்கா. வடிகால் அடைத்துக்கொள்ளும் என்றார்கள். சேற்றுக் குழிக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் தொட்டி வந்தது. குழந்தைகள் குளிக்கிற தொட்டி, அடியில் மீன் படம் போட்டது. வாத்தியார் அதில் இறங்கவில்லை. சுற்றி வந்து முகர்ந்துவிட்டுச் சுவரோரம் படுத்துக்கொண்டது.

ரப்பர் விரிப்பு கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தார். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, புது அடைப்பு வேலைகள் முடிந்ததும் பரிசீலிக்கிறோம் என்று வந்தது. கேப்பிபாராவுக்கு வெந்நீர்க் குளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கடிதம் கொடுப்பதற்குள் வாத்தியாருக்குப் பின்னங்கால் மூட்டுகள் வீங்கிவிட்டன. நூருல் அமீன் தன் வீட்டிலிருந்து இரண்டு பழைய மெத்தைகளைக் கொண்டுவந்து கொட்டில் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அக்கா உள்ளே இழுத்துப் போட்டார்.

2024 மார்ச் முதல் வாரத்தில் வாத்தியாரால் எழ முடியவில்லை. விலங்கு மருத்துவர் ஒரு சீனப் பெண், கனிவானவர். இதற்கு மேல் வலியோடு வைத்திருப்பது சரியில்லை என்றார். அக்கா மறுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: ஒரு மணி நேரம் வெளியே மண்ணில் கிடத்தலாமா? முடியாது, வெளியே ஒப்பந்தக்காரர்கள் வேலை செய்கிறார்கள் என்று பதில் வந்தது. அந்த மறுப்பு மருத்துவருடையதல்ல, நிர்வாகத்துடையது.

காலை ஒன்பதரை மணிக்கு ஊசி. அதற்கு முன்னால் அக்கா வேண்டுமென்றே மண் ஒட்டிய கிழங்கு ஒன்றையும், ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொண்டுபோய் மூஞ்சிக்குப் பக்கத்தில் வைத்தார். வாத்தியார் கிழங்கை முகர்ந்தது. கழுவவும் இல்லை, தின்னவும் இல்லை. அக்காவே கழுவி வாயில் வைத்தார். மெதுவாக மென்றது. பாதி கீழே விழுந்தது.

அறிவிப்புப் பலகையில் ஒரு வரியாவது போடலாமா என்று அன்று மத்தியானம் மிதுனனிடம் போய்க் கேட்டார். முந்தைய வருடம் ஒரு நீர்நாய் செத்தபோது மலர் வைக்க மேசை போட்டிருந்தார்கள்; பிள்ளைகள் கடிதம் எழுதிப் போட்டார்கள். மிதுனன் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

“வேணாம்க்கா. இப்ப பன்னி செத்துச்சுன்னு போட்டா, காய்ச்சல்னுதான் நினைப்பாங்க. ஓப்பனிங் வேற வருது.”

“ஏன் செத்துச்சுன்னு எழுதுங்க, தம்பி. சிமெண்டுல படுக்க வச்சதால செத்துச்சுன்னு எழுதுங்க.”

அவர் எழுதவில்லை. அக்காவும் குரலை உயர்த்திக் கேட்கவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு அதிகம் வேதனைப்பட்டார்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சிராங்கூன் சாலைக்குப் போனார். அங்கே பெருமாள் கோயிலில், பூமியை மூஞ்சியில் தூக்கி நிற்கும் வராகர் சிலையை எல்லாரையும் போல அவரும் எத்தனையோ முறை கும்பிட்டிருக்கிறார். அன்று அதன் பக்கம் போகவில்லை. சாலையின் இன்னொரு கோயிலுக்குப் போய் அலுவலக மேசையில் மோட்ச தீபம் ஏற்ற வேண்டும் என்றார். இறந்தவர் பெயரைக் கேட்டார்கள். வாத்தியார் என்று வாயில் வந்துவிட்டது. சீட்டு எழுதியவர் நிமிர்ந்து பார்த்து, உங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவரா என்று கேட்டார். அக்கா தலையாட்டினார். அந்த மனிதர் உடனே எழுந்து நின்று, ஆசிரியருக்காக இப்படி வருகிறவர்கள் இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லி, நல்ல இடமாகப் பார்த்து விளக்கு வைக்கச் சொன்னார்.

“யாருக்குன்னு சொல்லியிருந்தா என்னைத் தொரத்தியிருப்பாங்களோ இல்லையோ, தெரியல,” என்றார் அக்கா. “சொல்லிப் பார்க்க எனக்கு தைரியம் வரல.”

பதினோரு நாள் கழித்துக் கேப்பிபாராக்கள் பார்வைக்கு வந்தன. நான்கு. பெயர் வைக்க இணையத்தில் நடந்த வாக்கெடுப்பில் நாற்பதாயிரம் பேர் கலந்துகொண்டார்களாம். ஒன்றுக்குக் காயா, ஒன்றுக்கு மோச்சி, மற்றவற்றுக்கும் அதேபோலத் தின்பண்டப் பெயர்கள். பார்த்துக்கொள்ள அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று அக்காவைப் போட்டார்கள். புதுச் சீருடை, காதோரம் ஒலிவாங்கி. முதல் சனிக்கிழமை வரிசை நுழைவாயில் வரை நீண்டது. அதே மதில், அதே மரம், அதே நடைபாதை. வெந்நீர்க் குளத்தில் தலையில் எலுமிச்சைப் பழத்தோடு ஒன்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒரு பெண் அழுதேவிட்டார்.

அக்கா இப்போது எல்லாருக்கும் தெரிந்த முகமாகிவிட்டார். அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் அரைப்பக்கம் வந்தது. அதைப் பார்த்துத் தோ பாயோ உறவுக்காரர்கள் கூப்பிட்டார்கள். யானையிலிருந்து எப்போது மாறினீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் மின்தூக்கியில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு “கேப்பி, கேப்பி” என்று சிரித்தார். இத்தனைக்கும் கேப்பிபாரா தண்ணீரிலேயேதான் மலம் கழிக்கும். அந்தக் குளத்தைச் சுத்தம் செய்கிற நாளில் வருகிற வாடை பன்றிக் கொட்டிலுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்றார் அக்கா. ஒருவரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

மே மாதம் தாரணி வந்தாள். இப்போது இருபத்தாறு வயது, வங்கியில் வேலை. அலுவலகத் தோழிகள் ஐந்து பேரைக் கூட்டி வந்திருந்தாள். அக்கா பேச்சு முடித்ததும் தாரணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, அம்மாவின் தோளில் கை போட்டு, எல்லாருக்கும் கேட்க ஆங்கிலத்தில் சொன்னாள், இது என் அம்மா என்று. தோழிகள் படம் எடுத்தார்கள். அக்கா சிரித்தார். அந்தப் படம் நன்றாகவே வந்திருந்தது, நான் பார்த்தேன்.

அன்று வீட்டில், சாப்பிடும்போது, தாரணி மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டே இருந்தாள். அக்கா தட்டைத் தள்ளி வைத்தார்.

“பதினேழு வருஷத்துக்கு முன்னால அதே இடத்துல நான் நின்னேன். நீ யாரு முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்ச?”

தாரணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுருங்கிப்போனது. “அம்மா, ஐ வாஸ் நைன்,” என்றாள். “ஒம்பது வயசுப் பிள்ளைம்மா நான்.”

உண்மைதான். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் என்ன கோபிக்க முடியும்? அது தெரிந்திருந்தும் சொல்லிவிட்டேன் என்றார் அக்கா. தாரணி அன்று சாப்பிடாமல் எழுந்து போனாள். பிறகு இருவரும் பேசிக்கொள்ளத்தான் செய்கிறார்கள். ஆனால் அவள் பூங்காவுக்கு மறுபடி வரவில்லை. கைப்பேசி உறையையும் மாற்றிவிட்டாள். அப்படிச் செய்யச் சொல்லி நான் கேட்கவில்லையே என்று அக்கா வருத்தப்பட்டார்.

அக்கா அந்த வேலையைச் சரியாகவே செய்தார். தண்ணீரின் சூடு, புல், பல் தேய மரக்கட்டை, எதிலும் குறை வைக்கவில்லை. பெயர் சொல்லி மட்டும் கூப்பிட மாட்டார். ஒலிவாங்கியில் காயா, மோச்சி என்பார். தனியாக இருக்கும்போது “இந்தா”, “வா” அவ்வளவுதான். எட்டு மாதம் பார்த்துவிட்டு, தன்னைச் சமையலறைக்கு மாற்றும்படி கேட்டார். மக்கள் அவரைத்தான் கேட்டு வருகிறார்கள் என்று மிதுனன் தயங்கினார். முதுகு வலி என்று மருத்துவச் சான்றிதழ் கொண்டுபோய்க் கொடுத்தார். 2025 ஜனவரியிலிருந்து நூருல் அமீனோடு சேர்ந்து காய் நறுக்குகிறார். அங்கே ஜன்னல் கிடையாது. வானொலி உண்டு.

போன ஆகஸ்டில் ஒரு மாலை நான் மின்தூக்கி வாசலில் பார்த்தபோது அக்காவின் முன்கையில் கட்டுப் போட்டிருந்தது. என்ன என்று கேட்டேன். மேலே வீட்டுக்குப் போகாமல் கீழ்த்தளத்துக் கல் மேசையில் உட்கார்ந்து சொன்னார். ஊரில் வேறு இரண்டு இடங்களிலும் கேப்பிபாரா வந்துவிட்டது. கடைக்குக் கடை அதன் பொம்மை. பூங்காவில் வரிசை குறைந்தது. கேமராக் கணக்கு நாற்பது விநாடிக்கு இறங்கியிருக்கிறது. நான்கில் இரண்டை இந்தோனேசியாவில் ஒரு உல்லாச விடுதிக்கு அனுப்ப முடிவு செய்துவிட்டார்கள். அந்த அடைப்பில் பாதியைப் படமெடுக்கும் இடமாக்கப் போகிறார்கள். அடுத்து எந்த விலங்கு என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

ஏற்றி அனுப்பும் நாளன்று ஒன்று பெட்டிக்குள் போக மறுத்துவிட்டதாம். எதற்கும் பதறாத பிராணி என்று பெயரெடுத்தது, மதிலில் மோதி, பல்லைக் கடித்து, இரண்டு பேரைக் கீழே தள்ளிவிட்டது. மிதுனன் சமையலறைக்கு ஓடி வந்து அக்காவைக் கூப்பிட்டார். அக்கா கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். முதலில் கையைக் கடித்தது. அவர் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றது. கழுத்துக்குக் கீழே சொறிந்து கொடுத்தார். அதன் உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது.

“அது என்ன பாவம் செஞ்சுச்சு?” என்றார் என்னிடம். “ஒரு வருஷமா அதுமேல நான் வச்சிருந்த கோவம் அதுக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னமோ. அப்பதான் மொத தடவையா, மோச்சின்னு கூப்பிட்டேன். காதைத் திருப்பிச்சு. அதுக்குத் தன் பேரு தெரிஞ்சிருக்கு. நாந்தான் கூப்பிடல.”

பிறகு அவரே அதைப் பெட்டிக்குள் நடத்திப் போனார். நாயைப் போல அது அவர் பின்னாலேயே உள்ளே போயிற்று. அவர் பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டார்கள். பெட்டியை லாரியில் ஏற்றும்வரை ஓட்டை வழியாக அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாரும் நன்றி சொன்னார்கள். மிதுனன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“நம்பி வந்துச்சு, பாருங்க,” என்றார் அக்கா. கட்டுப் போட்ட கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார். பேருந்திலிருந்து இறங்கிய கூட்டம் எங்களைக் கடந்து மின்தூக்கிப் பக்கம் போனது. அவர்கள் எல்லாரும் மேலே போய் முடியும்வரை காத்திருந்து, பிறகுதான் எழுந்தார்.